சத்திரசிகிச்சையும் இரத்த அமுக்கமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது பேசவேண்டும் என்று சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய தத்துவம் எதையும் நான் கொண்டுவரவில்லை. நம்மவரிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்துவிட்டார்கள் என்றவுடன், அதுவரை ஒழுங்காகக் குடித்துவந்த பிரஷர்க் குளிசையை நிறுத்திவிடுவார்கள். சிலர் அந்த வருத்தம் தமக்கு இருப்பதையே வைத்தியரிடம் மறைப்பார்கள். இந்த வழக்கத்தால் வரும் கேட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

நமது இறக்கக்கண்டியில் கடல்தான் பஞ்சாங்கம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தோணிகள் கரையேறிவிடும். வலை பொத்துவதும், வேலி அடைப்பதும், கனநாளாய்த் தள்ளிப்போட்ட வருத்தத்துக்கு மருந்து பார்ப்பதும் அந்த மாதங்களில்தான். 58 வயதுள்ள ஒரு பெரியவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுத்து இழுத்து அவருக்கு அடிவயிற்றில் குடலிறக்கம் கண்டிருக்கிறது. திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய், வரிசையில் நின்று, ஒருவாறு நாளும் குறித்தாயிற்று. வீட்டிலே உடனே ஆலோசனை தொடங்குகிறது. "மாமா, மயக்கமருந்து குடுக்கேக்க வேற மருந்து உடம்பில இருக்கப்படாது, குளிசையை விட்டிடுங்கோ" என்கிறார் மருமகன். "பிரஷர் இருக்கெண்டு சொன்னால் வெட்டமாட்டினம், வாய் திறவாதேங்கோ" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியவர் இரண்டு ஆலோசனையையும் ஏற்றுக்கொள்கிறார். ஐந்தாறு நாள் குளிசை இல்லை. குறித்த காலையில் கட்டிலில் ஏற்றிக் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தால் 200க்கு 115! சிகிச்சை அன்றைக்கு இல்லை, வேறு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த வேறு நாள் வருவதற்குள் வாடை கழிந்துவிடும். பிறகு தொழிலுக்குப் போவதா, கத்திக்குப் போவதா? தொழிலுக்குத்தான் போவார். இறங்கிய குடல் ஒருநாள் நடுக்கடலில் இறுகிக்கொண்டால் கரைக்கு வரும்வரை அவர் பாடு என்ன?

ஆகவே, குளிசையை நிறுத்தினால் தேகத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளவேண்டும்.

தோட்டத்துக்கு மெஷினால் தண்ணீர் இறைக்கிறீர்கள். ரப்பர்க் குழாயில் தண்ணீர் ஓடும்போது குழாயின் சுவரைத் தள்ளிக்கொண்டுதான் ஓடுகிறது. அவ்வாறே இருதயம் இரத்தத்தைத் தள்ளும்போது நாடிக் குழாயின் சுவரில் ஓர் அமுக்கம் உண்டாகிறது. இருதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கம் மேல் எண்; விரியும்போது உள்ளது கீழ் எண். வைத்தியசாலையில் இருந்து எடுக்கும்போது 140க்கு 90 அல்லது அதற்குமேல் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் அதை உயர் இரத்த அமுக்கம் என்கிறார்கள். தலையிடி, தலைச்சுற்று வந்தால்தான் பிரஷர் என்பது நம்மவர் எண்ணம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு குறிகுணமும் இராது. 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் அமுக்கம் உண்டென்றும், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதை அறியாமலே இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கணக்குச் சொன்னது.

இந்த அமுக்கத்தை முதன்முதல் அளந்து புத்தகமாக வெளியிட்டவர் இங்கிலாந்தில் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். 1733இல் வெளிவந்தது அந்த நூல். ஒரு பெண்குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டு அடிக்குமேல் எழுந்து நின்றது. மனிதரிடம் இப்படிச் செய்ய முடியுமா? 1896இல் இத்தாலிய வைத்தியர் ரீவா ரோச்சி, கையிலே காற்றுப் பட்டி சுற்றி இரசத்தால் அளக்கும் கருவியைச் செய்தார். 1905இல் ரஷிய வைத்தியர் கொரொட்கோவ், பட்டியின் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்டால் இரண்டு எண்களையும் பிரித்தறியலாம் என்று காட்டினார். இன்றும் கிளினிக்கிலே அந்த ஓசையைத்தான் கேட்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் இந்தக் கருவி நுழைந்த கதை இன்னும் சுவையானது. ஹார்வி குஷிங் என்பவர் 1890களில் அமெரிக்காவில் ஹார்வாட் வைத்தியக் கல்லூரி மாணவர். ஈதர் மயக்கம் கொடுக்கும் வேலையை அக்காலத்தில் மாணவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் மயக்கம் கொடுத்த ஒரு நோயாளி மேசையிலேயே இறந்துபோனார். அதன்பின் அவரும் அவருடைய தோழர் கொட்மனும் சிகிச்சை நடக்கும் நேரமெல்லாம் நாடியையும் சுவாசத்தையும் கடதாசியில் புள்ளியிட்டு எழுதிவரத் தொடங்கினார்கள். 1901இல் குஷிங் இத்தாலிக்குப் போனபோது, பாவியா நகர வைத்தியசாலையில் ரீவா ரோச்சியின் கருவியைக் கண்டு, படம் வரைந்துகொண்டு ஊருக்குக் கொண்டுவந்தார். பொஸ்டன் நகரத்துப் பெரிய வைத்தியர்கள் அதைப் பார்த்துவிட்டு, கருவி எதற்கு, அனுபவமுள்ள விரல் நாடியில் இருந்தால் போதும் என்று ஒதுக்கிவிட்டார்களாம். நமது பரியாரிமாரின் நாடி பிடிக்கும் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 150ஐயும் 200ஐயும் விரலால் பிரித்தறிவது ஒருவராலும் ஆகாது. இன்று மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அமுக்கத்தை அளந்து எழுதவேண்டும் என்பது பொது முறை.

அளக்கத் தெரிந்த பின்னும் குறைக்கத் தெரியாதிருந்த காலம் நீண்டது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றை 1944 மார்ச்சு மாதத்தில் டொக்டர் புருவென் பரிசோதித்தபோது 186க்கு 108 இருந்தது. 1945 ஏப்ரில் 12ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து அவர் விழுந்தபோது 300க்கு 190. இன்று நமது கிளினிக்கிலே காசில்லாமல் தரும் குளிசை, அன்று உலகத்தையே ஆட்டிப்படைத்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் சிலருக்கு முதுகெலும்புக்கு அருகே ஓடும் நரம்புகளை அறுத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். அமுக்கத்துக்காகவே ஒரு சத்திரசிகிச்சை! கெம்ப்னர் என்ற வைத்தியர் வெறும் சோறும் பழமும் கொடுத்துக் குறைத்தார். சோறு நல்லதுதானே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது உப்பில்லாத சோறு; கருவாட்டுக் குழம்பு இல்லாத சோறு. நிலாவெளியில் உப்பளம், வீட்டு முற்றத்தில் கருவாட்டுப் பாய் என்று வாழும் நமக்கு அந்த வைத்தியம் எத்தனை நாளைக்குச் சரிவரும்? ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்குமேல் ஆகாது என்கிறார்கள். அது ஒரு தேக்கரண்டி அளவு. சமையல், ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து.

இனி நமது விஷயத்துக்கு வருகிறேன். சத்திரசிகிச்சைக்கு முன் குளிசையை விடவேண்டும் என்ற எண்ணம் நம்மவருக்கு மட்டும் உண்டானதென்று நினைக்கவேண்டாம். ஒருகாலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். அந்த வரலாற்றில் நமது நாட்டு மூலிகையொன்றும் அகப்பட்டிருக்கிறது.

சர்ப்பகந்தி என்ற மூலிகை இந்தியாவிலும் நமது இலங்கையிலும் வளர்வது. பாம்புக் கடிக்கும் சித்தப் பிரமைக்கும் அதன் வேரைப் பழைய வைத்தியர்கள் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அந்த வேர் இரத்த அமுக்கத்தைக் குறைக்கிறதென்று எழுதினார்கள். மேல்நாட்டார் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜால் வக்கீல் தாம் பார்த்த 50 நோயாளரின் விபரத்தைப் பிரித்தானிய இருதய சஞ்சிகையில் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிற்சலாந்தில் சீபா கம்பனியார் அந்த வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். குளிசையாக உலகமெங்கும் பரவிற்று.

இலட்சக்கணக்கானோர் அதைக் குடித்தபோது அவர்களிற் சிலர் சத்திரசிகிச்சைக்கும் வரத்தானே செய்வார்கள்? மயக்கத்தில் சிலருக்கு அமுக்கம் திடீரென்று விழுந்தது. ரிசர்ப்பின் நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் சரக்கை வெறுமையாக்குவது; ஆகையால் வழக்கமான ஊசியைப் போட்டாலும் அமுக்கம் ஏறவில்லை. வைத்தியர்கள் பயந்தார்கள். 1956இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் இதுபற்றிக் கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே மருந்தை நிறுத்திவிடுங்கள் என்ற புத்திமதி பரவிற்று.

நிறுத்தினார்கள். நிறுத்தியவுடன் அமுக்கம் பழையபடி ஏறியது. அந்த ஏறிய அமுக்கத்தோடு மேசையில் படுத்தார்கள். 1960களில் வேறு வைத்தியர்கள், மருந்தோடு வந்தவர்களையும் நிறுத்திவிட்டு வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, நிறுத்துவதால் பெரிய நன்மை ஒன்றும் இல்லை என்று கண்டார்கள். 1971இல் ஒக்ஸ்போர்ட்டில் பிரிஸ் றொபேட்ஸ் என்பவரும் தோழர்களும் செய்த ஆராய்ச்சி இன்னும் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. மருந்தெடுக்காத உயர் அமுக்கக்காரருக்குத்தான் மயக்கத்தின்போது அமுக்கம் மிக அதிகமாக விழுகிறது. குழாயைத் தொண்டையில் இறக்கும்போது மிக அதிகமாக ஏறுகிறது. இருதயத்துக்கு இரத்தம் போதாத அடையாளமும் அவர்களிடந்தான் கண்டது. மருந்தெடுத்துக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் சாதாரண மனிதரைப் போலவே ஏறக்குறைய நடந்துகொண்டார்கள். ஆகவே பதினைந்து ஆண்டுகளுக்குள் வைத்திய உலகம் தன் புத்திமதியைத் திருப்பிப் போட்டது. பழைய புத்திமதி மாத்திரம் நமது திண்ணைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் அப்படி ஏறி விழுகிறது? நீண்டகாலம் அதிக அமுக்கத்தில் கிடந்த நாடிக் குழாய் வெயிலில் காய்ந்த பழைய ரப்பர்க் குழாய்போல விறைத்துவிடும். மயக்கமருந்து போனவுடன், அல்லது குடலிறக்கத்துக்குச் செய்வதுபோல முள்ளந்தண்டில் ஊசி போட்டவுடன், நாடிகள் தளர்கின்றன. அமுக்கம் ஒரேயடியாகக் கீழே போகும். கத்தி பட்டவுடனோ தொண்டையில் குழாய் இறங்கியவுடனோ மேலே பாயும். இந்த ஊஞ்சலாட்டத்தைத் தாங்குவது இருதயத்துக்கு எளிதன்று. அதிக அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி அதன் தசை தடித்திருக்கும். தடித்த தசைக்கு இரத்தமும் அதிகம் வேண்டும். ஆனால் இருதயம் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் விரிந்து இளைப்பாறும் நேரத்தில்தான் பெறுகிறது. அமுக்கம் விழுந்து, துடிப்பும் வேகமானால், இளைப்பாறும் நேரமும் குறைந்து, வரும் இரத்தமும் குறைந்துவிடும். மூளையும் சிறுநீரகமும் அப்படியே. பல ஆண்டு 180க்குப் பழகிய மூளைக்கு, நமக்குச் சரியான 110 போதாமற் போகலாம். ஏறினாலும் கேடு, அளவுக்குமேல் இறங்கினாலும் கேடு.

"அப்படியானால் அன்று காலையிலேயே ஒரு நல்ல மருந்தைக் கொடுத்து இறக்கிவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். புத்தியான கேள்விதான். வைத்தியர்களும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிபெடிப்பீன் குளிகையை நாக்கின்கீழ் பிழிந்து விட்டு நிமிடத்தில் இறக்கும் வழக்கம் முன்பு எங்கும் இருந்தது. மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் தடைப்பட்டவர்களைக் கண்ட பிறகு, 1996இல் இதை அடியோடு விடவேண்டும் என்று எழுதினார்கள். இன்னொன்று 2008இல் வெளியான பெரிய ஆராய்ச்சி. இந்தியா உட்பட 23 நாடுகளில் 190 வைத்தியசாலைகளில் 8,351 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்குச் சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பிருந்து மெற்றோப்புறோலோல் என்ற, இருதயத் துடிப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு வெறுங் குளிசை. மாரடைப்பு நூற்றுக்கு 5.7 ஆக இருந்தது 4.2 ஆகக் குறைந்தது. நல்லதென்று கைதட்டுவதற்குமுன் மற்றக் கணக்கையும் பாருங்கள். பாரிசவாதம் நூற்றுக்கு 0.5இலிருந்து 1.0 ஆயிற்று. இறந்தவர் தொகை 2.3இலிருந்து 3.1 ஆயிற்று. அவசரப்பட்டு அடக்கியது உயிரைக் கொண்டுபோயிற்று. அதே மருந்தை முன்பிருந்தே குடித்துவருபவர் அதைத் திடீரென்று விட்டாலோ, துடிப்பு பாய்ந்தெழுந்து அதுவும் கேடாகும். அமுக்கத்தைச் சரிப்படுத்த வாரங்களும் மாதங்களும் வேண்டும். ஒரு காலைப்பொழுது போதாது.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. 2016இல் பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர் சங்கமும் இரத்த அமுக்கச் சங்கமும் சேர்ந்து ஒரு முறை வகுத்தன. கடந்த 12 மாதத்துக்குள் தமது ஊர் வைத்தியரிடம் 160க்கு 100க்குக் குறைவாக இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால், அவசரமில்லாத சிகிச்சைக்கும் போகலாம். அந்த ஆதாரம் இல்லாதவருக்குச் சிகிச்சைக்கு முந்திய பரிசோதனையில் 180க்கு 110க்குக் குறைவாக இருந்தாற் போதும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை அங்கியைக் கண்டவுடன் நம்மில் பலருக்கு இருபது முப்பது ஏறிவிடும். அன்று காலையில் பயத்தால் ஏறியதா, ஆண்டுக்கணக்காய் இருப்பதா என்பதை எப்படி அறிவது? உங்கள் கிளினிக் கொப்பியில் மாதாமாதம் எழுதிய எண்கள் இருந்தால் வைத்தியர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, வருத்தத்தையும் ஒளித்துவிட்டுப் போனால், அவர் எதை நம்பி மயக்கம் கொடுப்பது? சொன்னால் வெட்டமாட்டார்கள் என்ற பயம் தலைகீழானது. சொல்லாதவரைத்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறார்கள்.

குடல் இறுகிவிட்டது, குடல்வால் வெடிக்கப்போகிறது, பிள்ளைப்பேற்றில் ஆபத்து என்றால் இந்தக் கணக்கொன்றும் இல்லை. எந்த எண்ணாக இருந்தாலும் உயிரைக் காக்க வெட்டத்தான் வேண்டும். அந்த நேரத்திலும் என்ன குளிசை, எப்போது கடைசியாகக் குடித்தது என்பதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

பெரியவர்கள் சிலர் ஒரு காரியத்தைக் கேட்டு ஆச்சரியப்படுவீர்கள். சத்திரசிகிச்சையில் இருதயத்துக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பிட 1999இல் அமெரிக்காவில் ஆறு குறிகளை வகுத்தார்கள். பெரிய சிகிச்சையா, இருதயக் குழாய் அடைப்பு உண்டா, முன்பு இருதயம் தளர்ந்து வீங்கியதுண்டா, பாரிசவாதம் வந்ததுண்டா, இன்சுலின் போடும் சலரோகமா, சிறுநீரகம் பழுதா என்பனவே அவை. உயர் இரத்த அமுக்கம் அந்த ஆறில் இல்லை! அமுக்கம் இருப்பதால் மட்டும் ஒருவர் சத்திரசிகிச்சைக்கு ஆகாதவர் அல்லர். ஆனால் அந்த ஆறிலே சிறுநீரகம், பாரிசவாதம், இருதயம் என்பவற்றைப் பழுதாக்கி வைப்பது பெரும்பாலும் அதே அமுக்கந்தான். கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் தைரியமாகப் போகலாம்.

வைத்தியர் இன்னொரு கேள்வியும் கேட்பார். இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்குமா? நமது ஊரில் மாடிக்கு எங்கே போவது, எல்லாம் மணல்தானே என்று சிரிக்கவேண்டாம். கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றத்தை நிற்காமல் ஏறமுடிகிறதா, கரைவலைக் கயிற்றை மற்றவர்களோடு ஒத்து இழுக்கமுடிகிறதா என்று உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு ஏறியவர் இந்த ஆண்டு பாதியில் நிற்கிறார் என்றால் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாரடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகாதவர் அவசரமில்லாத சிகிச்சைக்குப் போகக்கூடாது. இருதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்தவர்களுக்கு இன்னும் பல மாதம் காத்திருக்கவேண்டி வரலாம். அவர்கள் குடிக்கும் இரத்தம் உறையாத குளிசையைத் தாமாக நிறுத்தவே கூடாது, தாமாகத் தொடரவும் கூடாது. இருதய வைத்தியரும் சத்திர வைத்தியரும் பேசித் தீர்க்கவேண்டிய காரியம் அது.

"நடுச்சாமத்துக்குப் பின் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது" என்று வார்ட்டில் சொல்கிறார்களே, குளிசை எப்படிக் குடிப்பது? இந்தச் சொல்லை நம்மவர் விரதம்போலக் கடுமையாய்ப் பிடித்துக்கொள்கிறார்கள். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து சுவாசப்பைக்குள் போய்விடும் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. வைத்தியர் குடிக்கச் சொன்ன பிரஷர்க் குளிசையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவதால் அந்த ஆபத்து வராது. எல்லாக் குளிசைக்கும் ஒரே விதி அன்று. இருதயத் துடிப்பை அடக்கும் மருந்து தொடர்ந்து போகவேண்டும். சலம் போகச் செய்யும் குளிசையை அன்று காலையில் பெரும்பாலும் விடச் சொல்வார்கள். எனலாப்பிரில், லொசாற்றன் வகையை ஒருநாள் முன் நிறுத்துவதா தொடர்வதா என்று வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. 2024இல் பிரான்சு தேசத்தில் 2,222 பேரில் நடத்திய ஆராய்ச்சியில், தொடர்ந்தவருக்கு மேசையில் அமுக்கம் சற்று அதிகமாக விழுந்தாலும், இறப்பிலும் பெரிய சிக்கல்களிலும் இரு பகுதியாருக்கும் வித்தியாசமில்லை என்று கண்டார்கள். சலரோகக் குளிசைக்கும் இன்சுலினுக்கும் வேறு விதி. சாப்பிடாமல் அதை எடுத்தால் சீனி இறங்கி மயங்கிவிடுவீர்கள். ஆகையால் குளிசைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மயக்கமருந்து வைத்தியரின் முன் மேசையில் கொட்டுங்கள். எதைக் குடிப்பது, எதை விடுவது என்று அவர் பிரித்துத் தருவார். பரியாரியாரிடம் வாங்கிய சூரணமும் அந்தப் பையில் இருக்கட்டும். அதிமதுரம் இருமலுக்கு நல்ல மருந்துதான். நாட்கணக்காய் நிறையக் குடித்தால் அமுக்கத்தை ஏற்றும், இருதயத் துடிப்புக்கு வேண்டிய பொற்றாசியத்தை இறக்கும். வைத்தியர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லவேண்டும்.

சிகிச்சை முடிந்து ஆளைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டவுடன் எல்லாம் நலமாயிற்று என்று உறவினர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு மிகக் கவலையான கட்டம் இதுதான். சத்திரசிகிச்சையோடு வரும் மாரடைப்பில் நான்கில் மூன்று பங்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. சற்றுமுன் சொன்ன 8,351 பேரில் மாரடைப்புக் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெஞ்சுநோவோ வேறு குறியோ இருக்கவில்லை. நோவை அடக்கும் ஊசி போட்டிருக்கிறது. வயிற்றுக் காயத்தின் நோ வேறு. நெஞ்சின் நோ எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்கவேண்டும். காரணமில்லாமல் வியர்க்கிறதா, படுக்கமுடியாமல் மூச்சு வாங்குகிறதா, முகம் வெளிறுகிறதா, பேச்சுக் குழறுகிறதா, வாய் ஒருபக்கம் இழுக்கிறதா? உடனே தாதியிடம் ஓடவேண்டும். நோவும், குளிர் நடுக்கமும், சலம் கட்டி நிற்பதும் அமுக்கத்தைக் கடகடவென்று ஏற்றிவிடும். நோவைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று எண்ணும் பெரியவர்கள் நம்மிடம் உண்டு. அந்த மூன்று நாளைக்கு அந்த வீரம் வேண்டாம். நிறுத்திவைத்த குளிசையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள். துண்டு வெட்டி வந்தபின் ஒரு மாதம் குளிசையே இல்லாமல் இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நிறுத்தச் சொன்னது நினைவிருக்கிறது, தொடங்கச் சொன்னது நினைவில்லை.

வாலிப நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்கும் விழாவுக்கும் பணம் சேர்க்கிறோம். கையில் சுற்றி அளக்கும் மின் அமுக்கமானி ஒன்று வாங்கி வாசிகசாலையில் வைப்பது பெரிய செலவன்று. கிளினிக் நாளில் கடலுக்குப் போய்விட்ட அப்புமார் மாலையில் வந்து அளந்துகொள்ளலாம். கிளினிக்குக்குப் பதில் இதுவென்று நான் சொல்லவில்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் வாசிகசாலையின் வேலையன்று. வாடைக்குச் சத்திரசிகிச்சை செய்ய எண்ணுபவர் ஆடி ஆவணியிலேயே அளக்கத் தொடங்கினால், ஏறியிருந்தாலும் சரிப்படுத்த மூன்று நான்கு மாதம் கைவசம் இருக்கும்.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. அரை மணி நேரத்துக்குள் தேநீரோ சுருட்டோ குடித்திருக்கக்கூடாது. சலம் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்ந்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். சட்டைக் கையின்மேல் பட்டியைச் சுற்றக்கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஆகவே இரண்டு அளவுப் பட்டி வாங்கவேண்டும். கையை மேசையில் இருதய மட்டத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் திகதியோடு அவரவர் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். 180க்கு 110 தாண்டினால் மறுநாளே நிலாவெளி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அத்துடன் நெஞ்சுநோ, மூச்சு வாங்கல், பார்வை மங்கல், கைகால் வழங்காமை ஏதேனும் இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் அப்போதே வண்டி பிடியுங்கள்.